குடியம் குகையும் காவல் நிலமும்



ஜும்ஆ இரவு வந்துவிட்டால் நம் வீடுகளில் சூரத்துல் கஹ்ஃபு ஓதும் ஓசை கேட்கிறது. திருமறையின் 18-வது அத்தியாயம் அது. 110 வசனங்கள் கொண்டது. பாட்டிமார்கள் கண்ணை மூடிக்கொண்டு ஓதிவிடுவார்கள். பிள்ளைகள் முதல் பத்து வசனங்களையாவது மனனம் செய்துவிடுகிறார்கள். கஹ்ஃபு என்றால் குகை என்பதும் எல்லோருக்கும் தெரியும். ஆனால் குகை என்றால் எப்படி இருக்கும் என்று ஒரு குழந்தை கேட்டால், ஆவடியிலும் அம்பத்தூரிலும் பூந்தமல்லியிலும் குடியிருக்கும் நம்மவர்கள் சினிமாவில் பார்த்ததையோ, உம்ராவுக்குப் போய் வந்தவர்கள் சொல்லக் கேட்டதையோதான் சொல்லுகிறார்கள். நம் வீட்டு வாசலிலிருந்து ஒன்றரை மணி நேரப் பயணத்தில் மெய்யான ஒரு குகை, அதைச் சுற்றி அரசு காவல் போட்ட ஒரு காடு இருப்பது பலருக்குத் தெரியாது.

திருவள்ளூரைத் தாண்டினால் பூண்டி. அங்கிருந்து மேலும் உள்ளே போனால் குடியம் என்னும் சிற்றூர். ஊரைக் கடந்து முட்புதர்க் காட்டின் வழியே ஒற்றையடிப் பாதையில் நடந்தால், அல்லிக்குழி மலைத் தொடரின் அடியில் வாய் பிளந்து நிற்கின்றன குடியம் குகைகள். அந்தக் காடு அரசின் காப்புக் காடு. 1882-ம் ஆண்டின் மதராஸ் வனச் சட்டம் முதற்கொண்டு, காப்புக் காடு என்று அறிவிக்கப்பட்ட இடத்தில் அனுமதியின்றி நுழைவதும், மரம் வெட்டுவதும், தீ மூட்டுவதும், கல் எடுப்பதும் குற்றம். 2024-ல் தமிழ்நாடு அரசு மலையேற்றப் பாதைகள் சிலவற்றைப் பொதுமக்களுக்கு முறைப்படி திறந்துவிட்டபோது, அந்தப் பட்டியலில் குடியம் குகைப் பாதையும் இடம் பெற்றது. முன்பதிவு செய்து, வழிகாட்டியோடு போக வேண்டும். அது முதல் நம் பகுதி வாலிபர்களும், ஓரிரு குடும்பங்களும் போய் வந்து கொண்டிருக்கிறார்கள். போய் வந்தவர்களிடமிருந்து நமக்குக் கேள்விகளும் வந்து கொண்டிருக்கின்றன. அவற்றில் ஒரு கேள்வி, கேள்வியாக வரவில்லை. ஓர் எதிர்வாதமாக வந்தது. பூமி முழுதும் அல்லாஹ்வுக்குச் சொந்தம். அவன் படைத்த மலையில் நடப்பதற்கு, அவன் முளைப்பித்த விறகை ஒடித்து ஒரு பிரியாணிச் சட்டி ஏற்றுவதற்கு, இலாகாக்காரர் யார் அனுமதி கொடுக்க? இதுதான் அந்த வாதம். சொன்னவர் ஐவேளை தொழுகிற வாலிபர். ஆகையால் இதைக் கேலி செய்து ஒதுக்காமல், ஷரீஅத்தின் வெளிச்சத்தில் வைத்துப் பார்ப்பது நம் கடமை.

முதலில் இடத்தை அறிந்து கொள்வோம்.

ஃகார், கஹ்ஃபு என்னும் இரண்டு சொற்களையும் நாம் குகை என்றே தமிழாக்குகிறோம். ஆனால் அரபு அகராதிக்காரர்கள் வித்தியாசம் சொல்லுகிறார்கள். ஃகார் என்பது சிறியது, கஹ்ஃபு விசாலமானது. ஹிரா மலையில் வஹீ வந்த இடமும், ஹிஜ்ரத்தின் போது மூன்று இரவுகள் நாயகம் (ஸல்) அவர்களும் அபூபக்ர் சித்தீக் (ரலி) அவர்களும் மறைந்திருந்த தவ்ரு மலைப் பொந்தும் ஃகார். (சிலந்தி வலை, புறாக்கூடு பற்றிய அறிவிப்புகளில் ஹதீஸ் கலையாளர்களுக்கு நீண்ட பேச்சு உண்டு. அதை இங்கே விட்டுவிடுவோம்.) ஈமானைக் காத்துக்கொள்ள ஊரை விட்டு வெளியேறிய வாலிபர்கள் உறங்கிய இடம் கஹ்ஃபு. சூரியன் உதிக்கும்போது அவர்களுக்கு வலப்புறமாகச் சாய்ந்து விலகுவதையும், மறையும்போது இடப்புறமாகக் கடந்து போவதையும், அவர்கள் உள்ளே விசாலமான இடத்தில் கிடந்ததையும் திருமறை வர்ணிக்கிறது. இதை வைத்தே அந்தக் குகையின் வாயில் வடக்குப் பார்த்தது என்று இப்னு கஸீர் போன்ற முஃபஸ்ஸிர்கள் கணக்கிட்டார்கள். வெயில் உடலைச் சுடாமல், காற்று மட்டும் புழங்க, வாசலில் நாய் கால் நீட்டிப் படுத்திருக்க... ஒரு குகையின் அமைப்பை இவ்வளவு நுட்பமாகச் சொல்லும் வேதத்தை ஓதுகிறவர்கள் குகையைக் கண்ணால் கண்டால் ஓதுவதன் ருசியே வேறாகிவிடும். குடியத்தின் பெரிய குகை அப்படிப்பட்ட விசாலமான கூரைதான். இருட்டுச் சுரங்கம் அல்ல. மலையின் ஓரம் குடைந்து, மேலே பாறை குடை பிடித்தாற்போல் நிற்கும் இடம்.

விசாகப்பட்டினம் பக்கம் அரக்குப் பள்ளத்தாக்குக்குப் போய் போரா குகையைக் கண்டவர்கள், குடியமும் அதே வகையா என்று கேட்கிறார்கள். இல்லை. போரா சுண்ணாம்புப் பாறைக் குகை. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கொஞ்சம் உறிஞ்சி இலேசான புளிப்புத் தன்மை பெறுகிறது. அந்தத் தண்ணீர் வெடிப்புகளில் இறங்கிச் சுண்ணாம்பைக் கரைத்துக் கரைத்துப் பள்ளம் பறித்துவிடுகிறது. பிறகு கூரையிலிருந்து சொட்டும் ஒவ்வொரு துளியும், தான் கரைத்துக் கொண்டுவந்த சுண்ணாம்பில் இம்மியளவு விட்டுச் செல்கிறது. அதுவே விழுதாக மேலிருந்து தொங்குகிறது. தூணாகக் கீழிருந்து எழும்புகிறது. ஒரு சென்டிமீட்டர் வளர ஏறத்தாழ நூறு ஆண்டு ஆகும். எண்ணெய்ப் பிசுக்குள்ள விரலால் ஒருவர் தடவிப் பார்த்தால், தடவிய இடத்தில் சுண்ணாம்பு படியாமல் வளர்ச்சி நின்றுவிடக் கூடும். மேகாலயா மாநிலத்து மாம்லூ குகையில் இப்படி எழும்பிய ஒரு சுண்ணாம்புத் தூணை அறுத்துப் பார்த்துத்தான், சுமார் 4,200 ஆண்டுகளுக்கு முன் நெடுங்காலம் மழை குன்றிப்போனதை அறிஞர்கள் படித்தார்கள். 2018-ல் பூமியின் வரலாற்றில் ஒரு காலகட்டத்துக்கே மேகாலயாவின் பெயரைச் சூட்டினார்கள். கற்களிலும் பிளந்து தண்ணீர் வெளிப்படுவது உண்டு, அல்லாஹ்வின் அச்சத்தால் உருண்டு விழுவதும் உண்டு என்றும், இறுகிய இதயமோ கல்லைவிடக் கெட்டியானது என்றும் சூரத்துல் பகரா எச்சரிக்கிறதே, அந்த வசனத்தை ஓதும் போதெல்லாம் நமக்கு இந்தச் சொட்டுநீர்தான் நினைவுக்கு வருகிறது.

குடியத்தில் சுண்ணாம்பு விழுது கிடையாது. அங்குள்ள பாறை, உருண்டைக் கற்களும் கூழாங்கற்களும் மணலோடு இறுகி ஒன்றானது. கொழுக்கட்டைக்குள் தேங்காய்ப் பல் தெரிவது போல, குகைச் சுவரில் கல்லுக்குள் கல் தெரியும். ஆற்றோட்டம் உருட்டி உருட்டி வழவழப்பாக்கிய கல், இன்று மலையின் உயரத்தில் ஒட்டிக் கொண்டிருக்கிறது. அந்தக் கெட்டிக் கல்லே இந்த வட்டாரத்தை உலகப் பிரசித்தமாக்கியது. பூமியியல் துறை அதிகாரி ராபர்ட் புரூஸ் ஃபூட் என்பவர் 1863-ம் ஆண்டு மே மாதம் 30-ந் தேதி பல்லாவரத்தில் மனிதக் கை செதுக்கிய ஒரு கல்லைக் கண்டெடுத்தார். அதே ஆண்டு பூண்டிக்கு அருகே அத்திரம்பாக்கம் ஓடையில், அவரும் அவருடைய சகா வில்லியம் கிங்கும் கைக்கோடாரிக் கற்களைக் குவியலாகக் கண்டார்கள். குடியம் குகையைப் பற்றி எழுதி வெளியுலகுக்குச் சொன்னவரும் ஃபூட்தான். இந்தியத் தொல்லியல் துறையின் கே.டி. பானர்ஜி 1962 முதல் 1964 வரை குகையில் அகழ்வு நடத்தினார். பிற்காலத்தில் சாந்தி பப்பு அம்மையாரும் அவர் குழுவினரும் 1999-லிருந்து அத்திரம்பாக்கத்தில் பல ஆண்டுகள் அகழ்ந்தார்கள். அங்குள்ள மிகப் பழைய கற்கருவிகள் சராசரியாக 15 லட்சம் ஆண்டுப் பழமை உடையவை என்று 2011-ல் அறிவித்தார்கள். செதுக்கும் முறை மாறி, சிறிய நுட்பமான கருவிகள் தொடங்கியது ஏறத்தாழ 3,85,000 ஆண்டுகளுக்கு முன் என்று 2018-ல் மேலும் ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது.

இங்கேதான் நம் கல்லூரிப் பிள்ளைகள் சிலர் தடுமாறுகிறார்கள். ஆதம் (அலை) அவர்களின் காலம் எவ்வளவு? பதினைந்து லட்சம் ஆண்டு என்றால் என்ன பொருள்? சிலர் ஆராய்ச்சியைப் பொய் என்கிறார்கள். சிலர், அல்லாஹ் காப்பாற்றுவானாக, தீனையே சந்தேகிக்கிறார்கள். இரண்டுக்கும் அவசரமே காரணம். ஆதம் (அலை) அவர்களிலிருந்து இன்றுவரை இத்தனை ஆண்டுகள் என்று திருமறை ஓரிடத்திலும் எண் சொல்லவில்லை. ஆதாரப்பூர்வமான ஹதீஸிலும் அந்தக் கணக்கு இல்லை. கிதாபுகளில் காணப்படும் ஆறாயிரம், ஏழாயிரம் என்னும் எண்கள் பெரும்பாலும் பனூ இஸ்ராயீல்களிடமிருந்து வந்து கலந்த செய்திகள். இல்லாத கணக்கை மார்க்கத்தின் கணக்கு என்று நம்பிக்கொண்டு, பிறகு அது உடைந்துவிட்டதே என்று கலங்குவதில் அர்த்தமில்லை. மறுபுறம், அத்திரம்பாக்கத்தில் கிடைத்தது கல்தான். விலங்குகளின் பற்கள் சிலவும் கிடைத்தன. அந்தக் கல்லைப் பிடித்த கைக்குரியவரின் எலும்பு எதுவும் அங்கே கிடைக்கவில்லை. பிடித்தவர் யார், எப்படிப்பட்ட படைப்பு என்று கல் பேசவில்லை. அறிஞர்களும் கல்லின் காலத்தைத்தான் அளந்தார்கள்.

குகைவாசிகளின் வரலாற்றிலேயே இதற்கு ஒழுக்கம் கற்பிக்கப்பட்டிருக்கிறது. அவர்கள் மூவர், நான்காவது அவர்களின் நாய் என்பார்கள் சிலர். ஐவர், ஆறாவது நாய் என்பார்கள் சிலர். ஏழு பேர், எட்டாவது நாய் என்பார்கள் வேறு சிலர். அவர்களின் எண்ணிக்கையை இறைவனே நன்கறிவான். இதுபற்றி மேலோட்டமாக அன்றி வாதாடிக்கொண்டிராதீர் என்று நாயகம் (ஸல்) அவர்களுக்கே கட்டளை வருகிறது. முன்னூறும் அதற்கு மேல் ஒன்பதும் என்று ஆண்டுக் கணக்கைச் சொன்ன பிறகும், அவர்கள் தங்கிய காலத்தை அல்லாஹ்வே மிக அறிந்தவன் என்று தொடர்கிறது. விழித்தெழுந்த வாலிபர்களோ தங்களுக்குள், ஒரு நாளோ, அதில் ஒரு பகுதியோ இருந்திருப்போம் என்று பேசிக் கொண்டார்கள்! குகைக்குள் காலத்தை எண்ணுவது அவ்வளவு இலேசல்ல. எண்ணுகிறவர்கள் எண்ணட்டும், அது ஒரு கல்வி. அந்த எண் நம் ஈமானைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

இனி அந்த வாலிபரின் வாதத்துக்கு வருவோம். பூமி அல்லாஹ்வுடையது என்பதில் இரண்டாவது பேச்சில்லை. அதனாலேயே தனியொருவர் அதைத் தன் இஷ்டத்துக்கு எடுத்துக்கொள்ள முடியாது என்பதே ஷரீஅத்தின் முடிவு.

அறியாமைக் காலத்து அரபுகளிடம் ஒரு வழக்கம் இருந்தது. குலத்தின் செல்வாக்குள்ள தலைவன் ஒரு மேட்டில் ஏறி நின்று நாயைக் குரைக்கச் செய்வான். அந்தக் குரைப்புக் கேட்கும் தூரம் வரை எல்லாத் திசையிலும் உள்ள மேய்ச்சல் நிலம் அவனுக்கு மட்டும் உரியதாகிவிடும். பிறர் கால்நடை அதில் வாய் வைக்கக் கூடாது. இப்படி வளைத்த நிலத்துக்கு ‘ஹிமா’ என்று பெயர். நாயகம் (ஸல்) அவர்கள் இதை ஒழித்தார்கள். ஹிமா என்பது அல்லாஹ்வுக்கும் அவன் தூதருக்குமே அன்றி இல்லை என்னும் கருத்துப்பட அருளினார்கள். இதை விளக்கும் ஃபுகஹாக்கள், ஒருவர் தம் சொந்த லாபத்துக்கு வளைப்பது கூடாது. பொது நன்மைக்காக ஆட்சிப் பொறுப்பில் உள்ளவர் ஒதுக்கிக் காப்பது கூடும் என்று சட்டம் வகுத்தார்கள். பெருமானார் (ஸல்) அவர்களே நகீஃ என்னும் இடத்தை முஸ்லிம்களின் குதிரைகளுக்காகக் காவல் நிலமாக்கினார்கள். மதீனா நகரையும் ஹரமாக்கி, அதன் மரங்களை வெட்டக் கூடாது, வேட்டைப் பிராணிகளை விரட்டக் கூடாது என்றார்கள். வேலி கிடையாது, கம்பி கிடையாது. சொல்லே வேலியாக இருந்தது.

அந்த வேலியை ஸஹாபாப் பெருமக்கள் எப்படி மதித்தார்கள்? ஸஅது இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்கள் அகீக்கில் உள்ள தம் மாளிகைக்குப் போகும் வழியில், ஓர் அடிமை ஹரம் எல்லைக்குள் மரம் வெட்டிக் கொண்டிருந்ததைக் கண்டார்கள். அவனிடமிருந்த பொருள்களைப் பறிமுதல் செய்தார்கள். அவனுடைய எஜமானர்கள் வந்து கெஞ்சிக் கேட்டும், நாயகம் (ஸல்) அவர்கள் எனக்கு அளித்ததைத் திருப்பித் தர மாட்டேன் என்று மறுத்துவிட்டார்கள். ஈராக்கை வென்ற தளபதி, நபிகளாரின் தாய்வழி உறவினர், ஒரு மரத்துக்காக இவ்வளவு பிடிவாதம் காட்டினார்கள் என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லுகிறோமா?

பொதுச் சொத்தைப் பற்றி இன்னொரு நிகழ்ச்சி. அப்யழ் இப்னு ஹம்மால் (ரலி) என்னும் ஸஹாபி, யமன் நாட்டு மஅரிபிலுள்ள உப்பளத்தைத் தமக்குத் தரும்படி கேட்டார். நாயகம் (ஸல்) அவர்களும் கொடுத்துவிட்டார்கள். அவர் சபையிலிருந்து போன பின் ஒருவர், தாங்கள் அவருக்குக் கொடுத்தது என்னவென்று தெரியுமா, வற்றாத ஊற்று நீரைப் போன்றதல்லவா அது என்று எடுத்துச் சொன்னார். உடனே அதைத் திரும்பப் பெற்றுக் கொண்டார்கள். மக்கள் எல்லோருக்கும் தேவையான, உழைப்பின்றி இயற்கையாகக் கிடைக்கும் பொருளை ஒருவர் பெயருக்கு எழுதிவைக்கக் கூடாது என்பதற்கு ஃபிக்ஹு நூல்களில் இதுவே மூலாதாரம். நீர், புல், நெருப்பு மூன்றிலும் மக்கள் பங்காளிகள் என்ற ஹதீஸும் இதன் அருகில் வைத்துப் படிக்க வேண்டியது.

அல்லிக்குழிக் காடு அப்படிப்பட்ட பங்குதான். இந்த மலைகளில் விழும் மழை ஓடைகளாக இறங்கிக் கொசஸ்தலையாற்றில் சேருகிறது. அந்த ஆற்றின் குறுக்கே பூண்டியில் 1944-ல் கட்டி முடித்த அணைக்குச் சத்தியமூர்த்தி சாகர் என்று பெயர். அதன் தண்ணீர் கால்வாய் வழியே புழலுக்கும் செம்பரம்பாக்கத்துக்கும் போகிறது. அங்கிருந்து சென்னை மாநகரின் குழாய்களில் வருகிறது. 1996 முதல் ஆந்திராவிலிருந்து வரும் கிருஷ்ணா நீர் வந்து சேருவதும் பூண்டிக்கே. நாம் ஒளுச் செய்யும் தண்ணீரில் ஒரு பகுதி இந்த வழியில் வந்தது. காடு மழையைப் பிடித்து மண்ணில் இறக்குகிறது. மண் கரைந்து ஏரியைத் தூர்க்காமல் வேர்கள் தடுக்கின்றன. முட்புதர்தானே, இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். நிழல் தரும் பெருமரங்கள் அங்கே அதிகமில்லை என்பது உண்மை. வறண்ட பூமியில் அல்லாஹ் அமைத்த போர்வை அதுதான். அதையும் உரித்தால் செம்மண் பொட்டலாகிவிடும்.

ஆகவே, காப்புக் காட்டின் சட்டம் ஷரீஅத் அறிந்த ஹிமாவுக்கு ஒப்பானது; பொது நன்மைக்காக நியாயமாகப் போடப்பட்ட காவலை மீறுவது மார்க்கத்திலும் குற்றம் என்பதே நம் கருத்து. ஆட்சி முஸ்லிம் ஆட்சியா என்ற கேள்வி இங்கே எழாது. நாட்டுக் குடிமக்களாக நாம் ஒப்புக்கொண்ட பொது ஒப்பந்தத்தைக் காப்பது நம் மீது கடமை. அனுமதிச் சீட்டின்றி வேறு பாதையில் நுழைந்துவிட்டு அதைச் சாமர்த்தியமாக எண்ணுகிறவர், தம் வீட்டுத் தோட்டத்தில் பக்கத்து வீட்டுக்காரர் ஏறிக் குதித்தால் பொறுப்பாரா?

இதைச் சொன்னதோடு நிறுத்தினால் பாதி நியாயமே சொன்னவர்களாவோம். காவல் போடுகிறவர்களுக்கும் ஹிமாவில் சட்டம் உண்டு. உமர் (ரலி) அவர்கள் தம் கிலாஃபத்தில் ஷரஃப், ரபதா என்னும் இடங்களைக் காவல் நிலமாக்கினார்கள். காவலுக்கு ஹுனை என்னும் ஊழியரை வைத்தபோது அவருக்குச் சொன்ன புத்திமதி புகாரி ஷரீஃபில் உள்ளது. மக்களிடம் பணிவாக நடந்துகொள். அநீதி இழைக்கப்பட்டவரின் துஆவைப் பயந்துகொள், அது ஏற்கப்படும். நாலைந்து ஒட்டகமும் சில ஆடுகளும் மட்டும் வைத்திருக்கும் ஏழையை உள்ளே விடு. இப்னு அஃப்பான், இப்னு அவ்ஃப் ஆகியோரின் மந்தைகளை விடாதே. அவர்களின் கால்நடை அழிந்தால் பேரீச்சந் தோப்பும் பயிரும் அவர்களுக்கு இருக்கின்றன. ஏழையின் கால்நடை அழிந்தால் அவன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு என்னிடம் வந்து நிற்பான். அவர்களை நான் கைவிட முடியுமா? பைத்துல்மாலிலிருந்து பொன்னும் வெள்ளியும் கொடுப்பதைவிடத் தண்ணீரும் புல்லும் கொடுப்பது எனக்கு இலேசு. இதுதான் அந்தப் புத்திமதியின் சாரம். இவர்கள் நான் தங்களுக்கு அநீதி செய்துவிட்டதாக எண்ணுகிறார்கள். இது அவர்களின் ஊர், அவர்களின் பூமி என்றும் அமீருல் முஃமினீன் வெளிப்படையாக ஒப்புக் கொண்டார்கள். இப்னு அஃப்பான் என்றால் யார்? உஸ்மான் (ரலி) அவர்கள். இப்னு அவ்ஃப், அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள். சுவனத்து நன்மாராயம் பெற்ற இரண்டு பேரின் மந்தையை வெளியே நிறுத்திவிட்டு, பெயர் தெரியாத ஏழையின் ஆட்டுக்குட்டியை உள்ளே அனுப்பிய காவல் அது!

திருவள்ளூர் மாவட்டத்தில் இருளர் சமுதாயத்தினர் தொன்றுதொட்டு வாழ்கிறார்கள். மூலிகை அறிவார்கள், தேன் எடுக்க அறிவார்கள், பாம்பின் தடம் அறிவார்கள். 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து பாம்புத்தோல் வியாபாரம் நின்றபோது அவர்களில் பலர் பிழைப்பிழந்தார்கள். 1978-ல் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, விஷம் எடுத்துத் தந்து பிழைக்கும் வழி சிலருக்குக் கிடைத்தது. காட்டை நம்பி வாழ்வோரின் சிறு விளைபொருள் உரிமையை 2006-ம் ஆண்டு வன உரிமைச் சட்டம் எழுத்தில் அங்கீகரித்தது. விறகுச் சுள்ளி பொறுக்கும் இருளப் பெண்ணும், ஞாயிற்றுக்கிழமை வேனில் வந்து இறங்கும் நாமும் அந்தக் காட்டின் முன் சமமல்ல. அவள் ஹுனையிடம் வந்த ஏழை. நாமோ பேரீச்சந் தோப்பு உடையவர்கள். காடு இல்லாவிட்டாலும் நம் வீட்டு அடுப்பு எரியும். சட்டம் அவள் மீது இறுகி, மண் லாரி வைத்திருப்பவர் மீது தளர்ந்தால், அங்கே ஹிமா தலைகீழாகிவிடும். அறியாமைக் கால நாய்க் குரைப்பு திரும்பிவிட்டது என்றே பொருள்.

இனி, போக விரும்பும் குடும்பத்தார் கேட்ட சில மஸாயில்களைச் சொல்லி முடிக்கிறோம்.

தீ மூட்டலாமா என்று கேட்கவே வேண்டாம். எறும்பு கடித்ததற்காக எறும்புப் புற்றையே எரித்த முன்காலத்து நபி ஒருவரை அல்லாஹ் கண்டித்ததாக ஹதீஸ் உண்டு. தன்னைத் துதிக்கும் ஒரு சமூகத்தையே எரித்துவிட்டாயே என்பது அந்தக் கண்டனத்தின் கருத்து. கோடைக் காட்டில் அணைக்காத ஒரு பீடித் துண்டு எத்தனை சமூகங்களை எரிக்கும்? குகையின் பாறையில் மலைத்தேனீக்களும் கூடு கட்டும். மலைகளிலும் மரங்களிலும் வீடு அமைத்துக்கொள்ளும்படி தேனீக்கு அல்லாஹ் அறிவித்ததைச் சூரத்துன் நஹ்லு சொல்லுகிறது. அவன் கொடுத்த வீட்டில் அது இருக்கிறது. புகை, அத்தர், கூச்சல் மூன்றும் ஆகாது. பிள்ளைகளைக் கல் எறிய விடாதீர்கள். சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போய், இலையும் காகிதமும் பாட்டிலும் மீண்டும் கட்டிக்கொண்டு வரவேண்டும். நீர்நிலை, நடைபாதை, நிழல் ஆகிய மூன்று இடங்களிலும் அசுத்தம் செய்வது மக்களின் சாபத்தைத் தேடித் தரும் என்ற நபிமொழியைத் தாய்மார்கள் பிள்ளைகளுக்குப் புறப்படும் முன்பே சொல்லிவிடுவது நல்லது. குகைச் சுவரில் பெயர் கிறுக்குவது மட்டரகமான வழக்கம். ஹிரா மலைப் பாறைகளிலேயே பெயின்ட்டால் தங்கள் பெயரை எழுதிவிட்டு வந்தவர்கள் நம் உம்மத்தில் இருக்கிறார்கள் என்பதை வெட்கத்தோடு சொல்லத்தான் வேண்டியிருக்கிறது.

குகையில் கிராமத்து மக்கள் வழிபடும் அம்மன் சன்னிதி ஒன்று உண்டு. பிறர் அழைக்கும் தெய்வங்களை ஏசாதீர்கள் என்று சூரத்துல் அன்ஆமில் தெளிவான தடை இருக்கிறது. ஏளனப் பேச்சு, செருப்போடு நெருங்குவது, அவர்கள் வைத்த பொருளைத் தொடுவது எதுவும் கூடாது. தொழுகை நேரம் வந்தால் அந்த இடத்தை விட்டு விலகி, வழியில் சுத்தமான ஓரிடத்தில் தொழுங்கள். பூமி முழுதும் நமக்கு மஸ்ஜிதாக்கப்பட்டிருக்கிறது. கிப்லா மேற்கே, சற்று வடக்குச் சாய்ந்து.

கல் எடுத்து வரலாமா? கூடாது. செதுக்கிய கல் ஒன்று காலில் தட்டுப்பட்டால் எடுத்துப் பாருங்கள், பிள்ளைக்குக் காட்டுங்கள், எடுத்த இடத்திலேயே வையுங்கள். கல் எந்த மண்ணில், எந்த அடுக்கில் கிடந்தது என்பதை வைத்துத்தான் அதன் காலத்தைப் படிக்கிறார்கள். இடத்தை விட்டு நகர்ந்த கல், கோர்ட்டுக்கு வராத சாட்சி. முன்பே எடுத்து வந்து வீட்டு அலமாரியில் வைத்திருப்பவர்கள், பூண்டியில் தொல்லியல் துறை அமைத்த அகழ்வைப்பகத்தில் ஒப்படைத்து, எங்கே எடுத்தது என்பதையும் சொல்லிவிடலாம்.

ஒளுவுக்குத் தண்ணீர் கொண்டு போவது சிறந்தது. கையிலிருக்கும் தண்ணீர் குடிக்க மட்டுமே போதும், ஒளுவில் செலவழித்தால் பிள்ளைகள் தாகத்தால் வருந்துவார்கள் என்ற நிலையில், வேறு தண்ணீரும் அருகில் இல்லையென்றால், தயம்மும் செய்துகொள்ளலாம். ஹனஃபி மத்ஹபில் சுத்தமான பாறையின் மீது கை அடித்தாலும் போதும். ஷாஃபிஈ மத்ஹபினர் புழுதியுள்ள மண்ணில் செய்ய வேண்டும்; குடியத்துப் பாதையில் அதற்குப் பஞ்சமில்லை. கஸ்ர் உண்டா என்று அம்பத்தூரிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்கள். பயணத் தொழுகைக்குரிய தூரம் ஏறத்தாழ 80 கிலோமீட்டர். அம்பத்தூரிலிருந்தோ ஆவடியிலிருந்தோ பூந்தமல்லியிலிருந்தோ குடியம் அதைவிட மிகக் குறைவு. எனவே லுஹரும் அஸரும் நான்கு ரக்அத்துகளாகவே, அதனதன் நேரத்தில் தொழ வேண்டும்.